பதினொரு செக்கன் பின்னிஷ்

"இந்தச் செய்தியை அழிக்க மூன்றை அழுத்துங்கள்" என்றாள் போனுக்குள் இருந்த இங்கிலீஷ்காரி. பதிவு செய்த குரல். அவசரமே இல்லாத குரல்.

பிறேமினியின் பெருவிரல் மூன்றாம் இலக்கத்துக்கு மேலே நூலிழை உயரத்தில் நின்றது.

"அமத்து பிள்ளை," என்றார் யோகராஜா. "அமத்திப்போட்டு முகத்தைத் துடை. பொலிஸ்காரி மேலை வர இன்னும் இருபது நிமிசம் கிடக்கு. அதுக்குள்ளை நாங்கள் ரெண்டு பேரும் ஒரு கதைக்கு வந்திடுவம்."

வெம்பிளி. சனிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டரை. யோகராஜாவின் மீன் கோல்ட் ஸ்டோருக்கு மேலே உள்ள ஆபீஸ் அறை. ஜன்னல் ஒன்று, அதற்கு இரும்பு வலை. கதவு ஒன்று, அதற்கும் யோகராஜாவின் கதிரைக்கும் நடுவே ஒரு ஆள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் போகலாம். போனாலும் பிரயோசனமில்லை. கீழே படியடியில் நீலமும் வெள்ளையுமாய் பொலிஸ் நாடா. "ஒருவரும் கட்டடத்தை விட்டு வெளியேற வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

நாடாவுக்கு அந்தப் பக்கம் மீன் அறை. உள்ளே மைனஸ் பதினெட்டு. இன்று காலை பத்து நாற்பதுக்கு அந்த அறைக்குள் இருந்து முருகேசனைத் தூக்கி எடுத்தார்கள். ராமநாதபுரத்துப் பெடியன், இருபத்தாறு வயது, முழுநேர வேலைக்கு அனுமதியில்லாத ஸ்ருடன்ட் விசா. ஜக்கெற் இல்லை, கையுறை இல்லை. உள்ளே இருந்து திறக்கிற கைபிடி உடைந்து மாசக்கணக்கு. அம்புலன்ஸில் ஏற்றும்போது மூச்சு இருந்தது, பேச்சு இல்லை.

வெளியே பூட்டுப் போட்டிருந்தது, அமத்தினாலே பூட்டுப்படுகிற பூட்டு, திறக்கத்தான் சாவி வேண்டும். பூட்டின் சாவி சுஜீத்தின் கையில் இருந்தது. இன்றைய டியூட்டிச் சீட்டில் சாவிக்காரன் என்று எழுதியிருந்ததும் சுஜீத்தின் பெயர்தான்.

சுஜீத், பிறேமினியின் புருசன்.

பதினொன்று பத்துக்கு அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு அரை மணித்தியாலம் முன்பு அவன் அவளுக்குப் போன் அடித்திருக்கிறான். அவள் ஈலிங் ரோட்டில் யோகராஜாவின் கடையில் காசு வாங்குகிற ரில்லில் நின்றாள். வேலை நேரத்தில் போன் லொக்கருக்குள் இருக்க வேண்டும், கடைச் சட்டம். சுஜீத் வொய்ஸ்மெயிலில் பேசிவிட்டு வைத்துவிட்டான். யோகராஜா தானே கார் ஓட்டிக்கொண்டு வந்து அவளை ஏற்றினார். இந்த அறைக்குள் கொண்டுவந்து இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, "போனைப் பார் பிள்ளை, உனக்கு என்னவும் சொன்னவனோ" என்று கேட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

பதினொரு செக்கன். முழுக்கப் பின்னிஷ், பின்லாந்துப் பாஷை.

"என்னவாம்?" என்றார் யோகராஜா.

அவள் யோசிக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது. "வந்த நேரம்... தான் பூட்டினதாம் அண்ணை."

யோகராஜாவின் புருவம் ஏறியது. "உண்மையாவோ?" என்றார். பிறகு, "அப்பிடியே சொல்லுறான்? ஐயோ பாவம்" என்றார்.

அதற்குப் பிறகுதான் அழிக்கிற கதை தொடங்கியது.

"இஞ்சை பார்," என்றார் அவர். நெற்றியில் காலைக் கோயில் திருநீறு அழியாமல் இருந்தது. "இது அவன்ரை சொந்தக் குரல். கோட்டிலை போட்டுக் காட்டினா, அவன் சாகடிக்கத்தான் பூட்டினவன் எண்டு திரிச்சுப்போடுவாங்கள். நீ வாயாலை சொல்லு. மெதுவாச் சொல்லு. தெரியாமல் பூட்டிப்போட்டான், உள்ளை ஆள் நிண்டது கவனிக்கேல்லை, அவ்வளவுதான். அக்சிடன்ற். நான் நல்ல லோயர் பிடிச்சுத் தாறன். ஆனா அந்த மெசேஜ் இருக்கக் கூடாது."

நல்ல மனுசன் பேசுகிற பேச்சு. டூட்டிங்கில் அவர்கள் இருக்கிற பிளாற் யோகராஜாவின் இன்னொரு கடைக்கு மேலே, யோகராஜாவின் பிளாற். அவள் வேலை அவர் கடையில், சுஜீத்தின் வேலை அவர் ஸ்டோரில். அவர்களுடைய நாளின் எந்தக் கதவைத் திறந்தாலும் அந்தப் பக்கம் யோகண்ணைதான் நின்றார்.

"அண்ணை," என்றாள். "அவரின்ரை குரலை ஒருக்காக் கேட்டிட்டு அழிக்கிறன்."

"என்னத்துக்கு?"

"இனி எப்ப கேக்கிறது எண்டு தெரியாதெல்லோ."

யோகராஜா மணிக்கூட்டைப் பார்த்தார். "ஒருக்காத்தான்."

திரும்பக் கேட்க அவள் ஒன்றாம் இலக்கத்தை அழுத்தினாள்.

*

சுஜீத் ஐந்து வயதில் தாய் தகப்பனோடு பின்லாந்துக்குப் போனவன். வாசா என்ற கடற்கரை ஊர். பிறேமினி சாவகச்சேரியில் இருந்து கலியாணம் முடித்து அங்கே போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று. நாலு வருசம் இருந்தாள். அதில் இரண்டு வருசம் வெளிநாட்டுக்காரருக்கான பாஷை வகுப்பில் கழிந்தது. பிறகு லண்டன்.

லண்டனில் தமிழில் இரகசியம் பேச முடியாது. பஸ்ஸில் பேசினால் முன் சீற்றுக்காரர் திரும்பி, "பிள்ளையள் எவடம்?" என்று கேட்பார். இங்கிலீஷில் பேசினால் உலகமே கேட்கும். அதனால் இவர்கள் இரண்டு பேருக்கும் பின்னிஷ்தான் தனியறை. பின்லாந்தில் இருந்தும் அந்தப் பாஷை படிக்காத மாமியாரின் முன்னால் மாமியாரைப் பற்றிப் பேசவும், விம்பிள்டன் கோயிலில் பக்கத்து மனுசியின் சீலைக்குப் புள்ளி போடவும் அதுதான் உதவியது. "அதென்ன பிள்ளை, ரெண்டு பேரும் தவக்களை மாதிரி" என்று மாமியார் கேட்டால், "சமையல் குறிப்பு மாமி" என்பாள் பிறேமினி.

ஆக, காலை பத்து நாற்பத்தொன்றுக்கு அவன் பின்னிஷில் பேசியிருக்கிறான் என்றால், பக்கத்தில் நின்ற யாருக்கோ தமிழும் தெரியும், இங்கிலீஷும் தெரியும். அந்த யாரோவுக்கு விளங்கக் கூடாதென்றுதான் பேசியிருக்கிறான்.

இதை அவள் இப்போதுதான் யோசித்தாள். விரல் மூன்றுக்கு மேலே போய் வந்த பிறகு.

போனில் சரசரப்பு. பிறகு சுஜீத். மூச்சு வாங்கினான்.

"பிறேமினி. என் லுகின்னுத். ஒலி லுகித்து, குன் துலின்."

தூரத்தில் யாரோ "டேய் சுஜீத்!" என்று கத்துவது. முடிந்தது.

"காணும்," என்றார் யோகராஜா. "இப்ப அமத்து."

அவள் அமத்தவில்லை. அந்த வசனத்தில் ஏதோ இடறியது.

லுகின்னுத். லுகித்து. இரண்டும் பூட்டுத்தான். இரண்டும் முடிந்துபோன பூட்டுத்தான். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும். பூட்டின ஆள் என்போம். பூட்டின கதவு என்போம். பூட்டியது யார், பூட்டுப்பட்டது எது என்று சொல் பார்க்காது, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்லாந்துக்காரனுக்கு அது ஆகாது. ஆளுக்கு லுகின்னுத், கதவுக்கு லுகித்து. வாசாவில் வகுப்பு நடந்தபோது பிறேமினி இதைப் பிழையாக எழுதி, "நான் பொரிக்கப்பட்ட முட்டை" என்கிற கணக்கில் வந்து, வகுப்பில் இருந்த சோமாலியாக்காரி மேசையில் குப்புற விழுந்து சிரித்தாள். அன்று டீச்சர் பலகையில் எழுதியது ஞாபகம் வந்தது. கடைசியில் இந்தத் 'து' வந்தால், அந்த வேலையைச் செய்த ஒரு மனிசன் நிச்சயம் உண்டு. வசனத்துக்குள் மட்டும் அவன் இல்லை.

சரி. ஒலி லுகித்து: பூட்டப்பட்டிருந்தது. குன் துலின்: நான் வந்தபோது.

நான் வந்தபோது பூட்டப்பட்டிருந்தது.

அப்படியென்றால் முதல் பாதி? 'நான் பூட்டினேன்' என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் 'நான் வரும்போதே பூட்டியிருந்தது' என்று ஒரு மனிசன் சொல்லுவானா? ஒரு கதவை எத்தனை தரம் பூட்டுவது?



நான் பூட்டினேன் என்று சொல்வதற்கு அவன் வேறு விதமாகச் சொல்லியிருப்பான். 'லுகிட்சின்' என்றிருப்பான். அல்லது 'ஒலென் லுகின்னுத்' என்றிருப்பான். ஒலென் எங்கே? அவள் காதில் விழுந்தது 'ஒலென்' இல்லை. வெறும் 'என்'.

என்.

அவள் விரலை மூன்றில் இருந்து விலக்கினாள்.

தமிழில் நாங்கள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் கடைசியில் 'இல்லை' என்போம். கேட்கிறவன் கடைசிவரை காத்திருப்பான். பின்லாந்துக்காரன் முதலிலேயே மறுத்துவிடுவான். அவனுடைய மறுப்பு, வசனத்தின் வாசலிலேயே நிற்கும். ஆளுக்கு ஆள் வடிவம் மாறும். நான் மறுத்தால் அது 'என்'. அதற்குப் பின்னால், நடந்து முடிந்த காரியம் என்றால், அதே லுகின்னுத்தான் வரும். ஆமாவுக்கும் அதே லுகின்னுத், இல்லைக்கும் அதே லுகின்னுத். முன்னால் நிற்கிற சின்னச் சொல்தான் ஆளைத் தூக்கில் போடுவதும் இறக்குவதும்.

அந்தச் சின்னச் சொல்லை அவள் தமிழாய்க் கேட்டுவிட்டாள். என் சாவி, என் வீடு, என் பிழை என்கிற 'என்'. நாலு வருசம் வாசாவில் ரொட்டி வாங்கி, பஸ் ஏறி, டொக்டரிடம் சண்டை பிடித்த காலத்தில் ஒருநாளும் வராத பிழை. பயம் வந்தவுடன் காது ஓடிப்போய்த் தாய் மடியில் இருந்துவிட்டது.

என் லுகின்னுத். நான் பூட்டவில்லை.

"பிறேமினி," என்றார் யோகராஜா. "நேரம் போகுது."

*

இப்போது அவளுக்கு வேறு சங்கதிகளும் வரிசையில் வந்து நின்றன. மேசையில் கிடந்த மஞ்சள் தாள். கவுன்சில் சாப்பாட்டுச் சுகாதாரப் பரிசோதகரின் ரிப்போர்ட். இன்றைய திகதி. வந்த நேரம் ஒன்பது பதினைந்து, போன நேரம் பத்து முப்பத்தைந்து.

யோகராஜாவின் கடைகளில் ஒரு பேச்சு உண்டு. "மீன் பாக்கப் போ." யூனிபோர்ம் போட்டவன், கழுத்தில் அட்டை தொங்கவிட்டவன் யார் வாசலில் தெரிந்தாலும், பேப்பர் சரியில்லாத பெடியளைப் பார்த்து மெதுவாகச் சொல்லுவார்கள். "தம்பி, மீன் பாக்கப் போ." பெடியன் போய்க் குளிர் அறைக்குள் நிற்பான். வெளியே பூட்டு. பூட்டியிருக்கிற அறைக்குச் சாவி மனேஜரிடம், மனேஜர் லீவு என்று சொல்லிவிடலாம். பத்து நிமிசத்தில் திறந்துவிட்டு, சூடாக் கோப்பி கொடுத்து, முதுகில் தட்டுவார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள். ஈலிங் ரோட்டுக் கடையில் மூன்று தரம் அவளே சொல்லியிருக்கிறாள்.

இன்று பத்து நிமிசம் எண்பது நிமிசமாகிவிட்டது.

"உண்மையாவோ?" என்று அவர் கேட்டது இப்போது விளங்கியது. தான் பூட்டிய கதவை இன்னொருவன் பூட்டினேன் என்று ஒத்துக்கொண்டால், எந்த மனுசனுக்கும் புருவம் ஏறத்தானே செய்யும். அவள் கேட்டது பிழை என்று அவருக்கு அப்போதே தெரியும்; அதுதான் மெசேஜ் இருக்கக் கூடாது.

"என்ன யோசிக்கிறாய்?" யோகராஜா கதிரையை முன்னுக்கு இழுத்தார். "தா. உனக்கு மனம் வராது. நான் அமத்திறன்."

"இல்லை அண்ணை, நானே..."

போன் ஸ்பீக்கரில் இருந்தது அவளுக்கு மறந்துபோனது. பெருவிரல் சேமிக்கிற இரண்டில் விழுந்தது. "அழிச்சிட்டன்" என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"உங்கள் செய்தி சேமிக்கப்பட்டது" என்றாள் இங்கிலீஷ்காரி, தெளிவாக, அறை முழுக்கக் கேட்கும்படி.

கீழே மீன் அறையின் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

யோகராஜா எழும்பினார். கதவடிக்குப் போய்ச் சாவியை ஒரு சுற்றுச் சுற்றினார். திரும்பி வந்து இருந்தார். குரல் மாறவேயில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"என்ன சொல்லியிருக்கிறான் உண்மையிலை?"

"தான் பூட்டேல்லையாம். தான் வரேக்கை பூட்டியிருந்ததாம்."

"அஞ்சு நிமிசத்துக்கு முன்னம் பூட்டினதெண்டாய்."

"பிழையா விளங்கிப்போட்டன்."

யோகராஜா சிரித்தார். "நல்லது. இதைப் பொலிசிட்டைச் சொல்லு பாப்பம். முதல்லை, தான் பூட்டினதெண்டு புருசன் சொன்னவர். ஒரு தேத்தண்ணி குடிச்ச பிறகு, பூட்டேல்லை எண்டு சொன்னவர். ஆர் நம்புவான்? நான் சாட்சி, பிள்ளை. நீ சொன்னதை என்ரை ரெண்டு காதாலையும் கேட்டனான். நான் பொய் சொல்லத் தேவையில்லை. நீ சொன்னதையே சொன்னாக் காணும்."

அவர் சொன்னது சரி. அதுதான் பொறி. அவள் சொன்னால் பெண்சாதி புரட்டிப் பேசுகிறாள்; சொல்லாவிட்டால் சுஜீத் உள்ளே. இரண்டு பக்கமும் சுவர், இரண்டு சுவரையும் கட்டியது அவள் வாய்.

"போனைத் தா," என்றார் யோகராஜா. கையை நீட்டினார். "பிளாற்றும் உங்களுக்குத்தான், வேலையும் உங்களுக்குத்தான். அவனுக்கு ரெண்டு வருசத்துக்கு மேலை வராது, நான் லோயரிட்டைக் கேட்டிட்டன்."

"பொலிஸ் மேலை வர முதலே கேட்டிட்டியளோ?"

யோகராஜா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். தடித்த, குளிர்ந்த விரல்கள். அவள் போனை மற்றக் கைக்கு மாற்றி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். கதிரை சரிந்தது. தேத்தண்ணிக் கோப்பை உருண்டு மஞ்சள் தாளை நனைத்தது.

கதவு தட்டுப்பட்டது.

"மிஸ்டர் யோகராஜா? கதவு ஏன் பூட்டியிருக்கிறது?"

*

சார்ஜன்ட் டோசன் கட்டையான, நரைத்த மனுசி. கையில் நோட்டுப் புத்தகம். கதவைத் திறந்த யோகராஜாவை ஒருதரம் பார்த்தாள். மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்த பிறேமினியை ஒருதரம் பார்த்தாள். ஈரத் தாளையும் பார்த்தாள். மேசையடிக் கதிரையில் இருந்தாள்.

"இவவின் கணவர் ஒரு மெசேஜ் விட்டிருக்கிறார்," என்றார் யோகராஜா இங்கிலீஷில், முந்திக்கொண்டு. "அவர்களுடைய பின்னிஷ் பாஷையில். இவ எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னா. என்ன சொன்னா என்று இவவையே கேளுங்கள்."

டோசன் திரும்பினாள். "என்ன சொன்னீர்கள்?"

பிறேமினி நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லலாம். அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லலாம். பிறகு அந்தப் பொய்யும் சேர்ந்து அவளைப் பிடிக்கும்.

"கதவைத் தான் பூட்டியதாகச் சொல்கிறார் என்று சொன்னேன்."

டோசன் எழுதினாள். பேனா தாளில் ஓடுகிற சத்தம் கேட்டது. யோகராஜா கதிரையில் சாய்ந்துகொண்டார்.

"ஆனால் அது பிழை," என்றாள் பிறேமினி.

"அப்படியானால் சரி எது?"

"சொல்ல மாட்டேன்."

பேனா நின்றது. யோகராஜா நிமிர்ந்தார்.

"நான் அவருடைய மனைவி," என்றாள் பிறேமினி. "ஒரு தரம் பிழையாகச் சொன்னவள். இரண்டாம் தரம் நான் எதைச் சொன்னாலும் நீங்கள் நம்பத் தேவையில்லை. என்னைக் கேட்காதீர்கள். பின்னிஷ் தெரிந்த, எங்களைத் தெரியாத ஒரு ஆளைப் பிடியுங்கள். மெசேஜ் இருக்கிறது. போன் இந்தாங்கோ."

போனை மேசைமேல் வைத்து, டோசனின் பக்கமாகத் தள்ளிவிட்டாள். கடைசி ஆயுதத்தையும் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடிக்கப் பதினான்கு நிமிசம் எடுத்தது. போலிஷ் வேண்டுமென்றால் உடனே, ருமேனியன் வேண்டுமென்றால் உடனே, பின்னிஷ் என்றால் காத்திருக்க வேண்டுமாம். போனில் வயலின் வாசிப்பு ஓடியது. மூன்று பேரும் ஒரு மேசையைச் சுற்றி, செத்த வீட்டில் ஐயரைப் பார்த்திருக்கிற மாதிரி இருந்தார்கள். யோகராஜாவின் பொக்கற்றுக்குள் போன் நடுங்கி நடுங்கி அடங்கியது. அவர் எடுக்கவில்லை. அவள் காது இன்னொரு தரமும் ஏமாற்றியிருந்தால்? அவன் உண்மையிலேயே வேறேதும் சொல்லியிருந்தால்? பிறேமினி அந்த 'என்'னை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். போடப்போட அது வெறும் சத்தமாகிக்கொண்டே போனது.

வயலின் நின்றது. ஒரு ஆண்குரல் தன்னுடைய அடையாள இலக்கத்தைச் சொன்னது. டோசன் இரண்டு போனையும் முகத்துக்கு முகம் வைத்து, ஒன்றாம் இலக்கத்தை அழுத்தினாள்.

சரசரப்பு. மூச்சு. பதினொரு செக்கன்.

"இன்னொரு தரம் போட முடியுமா?" என்றது குரல்.

யோகராஜா மெல்லச் சிரித்தார். டோசன் மறுபடி போட்டாள்.

"சரி," என்றது குரல். "முதலில் ஒரு பெயர். பிறகு: நான் அதைப் பூட்டவில்லை. நான் வந்தபோது அது பூட்டப்பட்டிருந்தது. அவ்வளவுதான்."

"'பூட்டவில்லை' என்பது நிச்சயமா?"

"நிச்சயம். மறுப்பு முதல் சொல்லிலேயே இருக்கிறது. அதைத் தவறவிட முடியாது."

தவறவிட்டவள் மேசைவிளிம்பை இறுகப் பிடித்தாள்.

"பூட்டப்பட்டிருந்தது என்றால், யாரால்?" என்றாள் டோசன்.

"அதை அவர் சொல்லவில்லை. அந்த வடிவம் ஆளைச் சொல்லாது. ஆனால் காற்றிலே மூடியதாகவும் அர்த்தமில்லை. யாரோ ஒரு ஆள் பூட்டியிருக்கிறார்."

டோசன் நன்றி சொல்லி வைத்தாள்.

"ஆள் பிடிபட்டவுடன் ஆரும் அப்பிடித்தான் சொல்லுவான்," என்றார் யோகராஜா, இங்கிலீஷுக்கு மாறி, "அவன் பொய் சொல்லலாமே மேடம்."

"சொல்லலாம். அவர் இன்று எத்தனை மணிக்கு வந்தார்?"

"ஒன்பது. சீட்டில் இருக்கிறதே."

"சீட்டு என்ன சீட்டு," என்றாள் பிறேமினி. "கேற்றில் பெருவிரல் வைக்கிற மிஷின் இருக்கிறது. அதைக் கேளுங்கள்."

"அது பழுது."

"நேற்றுப் பத்து நிமிசம் பிந்தினதற்கு அவருக்கு வார்னிங் கொடுத்தது அந்தப் பழுதான மிஷினை வைத்துத்தான்."

டோசன் தோளில் இருந்த ரேடியோவில் கீழே பேசினாள். கீழே ஒரு பொலிஸ்காரன் நடந்து போவது அந்த ரேடியோவிலேயே கேட்டது. பிறகு, "சுஜீத். பத்து மணி ஐந்து" என்றது ரேடியோ. "ஸ்டேடியத்தில் மேட்ச், ரோடெல்லாம் சனம், இன்று எல்லாருமே பிந்தித்தான் வந்தார்கள் என்று செக்யூரிட்டி சொல்கிறார்."

"அவருக்கு முன்னால் வந்தது யார் யார்?"

"முருகேசன், எட்டு நாற்பது. யோகராஜா, எட்டு ஐம்பது. வேறு யாரும் இல்லை."

ஈரமான மஞ்சள் தாளை டோசன் ஒரு விரலால் தன் பக்கம் இழுத்துப் படித்தாள். ஒன்பது பதினைந்து. பத்து முப்பத்தைந்து.

"எனக்கு ஒன்று விளங்கவில்லை," என்றாள். "ஒரு ஆள் நிற்கிற குளிர் அறையை வேண்டுமென்று ஏன் ஒருவர் பூட்ட வேண்டும்?"

அந்தக் கேள்வி பிறேமினியின் பக்கம் பார்த்துக் கேட்கப்பட்டது. அவளுக்குப் பதில் தெரியும். இந்த அறையில் இருவருக்குத் தெரியும். அதைச் சொல்லாதவரைக்கும் சுஜீத் முழுசாக வெளியே வரமாட்டான். 'யாரோ' என்கிற ஆளாகத் திரும்பவும் அவனையே ஆக்குவார்கள். சாவி அவன் கையில்தானே இருந்தது.

யோகராஜா தமிழில் பேசினார். மெதுவாக, வாயில் புன்சிரிப்போடு, ஏதோ ஆறுதல் சொல்லுகிற மாதிரி. பொலிஸ்காரிக்குப் பாஷை தெரியாது என்ற துணிவு.

"வாயைத் திறந்தியோ, நீயும் உள்ளைதான். கடையிலை எத்தினை பெடியளை நீ மீன் பாக்க அனுப்பினனீ எண்டு எனக்குத் தெரியும். நான் தனியப் போகமாட்டன், விளங்கிச்சோ? யோசிச்சுக் கதை."

"அவர் என்ன சொன்னார்?" என்றாள் டோசன்.

பிறேமினி அவரைப் பார்த்தாள். நாலு வருசம் அவர் தந்த வீடு. வார வாரம் அவர் காரில் போன கோயில். சூடாக் கோப்பி. முதுகில் தட்டு. அந்த முகத்தில் இப்போது புன்சிரிப்பு ஒட்டவைத்த மாதிரி இருந்தது.

இந்த முறை அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு சொல்லாய் எடுத்தாள்.

"நான் வாயைத் திறந்தால் நானும் சிறைக்குப் போவேன் என்றார். எங்கள் கடையில் நான் எத்தனை பெடியன்களை மீன் பார்க்க அனுப்பினேன் என்று தனக்குத் தெரியும் என்றார். தான் தனியாகப் போகமாட்டேன் என்றார். யோசித்துப் பேசச் சொன்னார்."

யோகராஜாவின் சிரிப்பு விழுந்தது. "பிறேமினி!" என்றார்.

"பிறேமினி என்றும் சொன்னார்," என்றாள் அவள்.

டோசனின் பேனா நோட்டுப் புத்தகத்தில் வேகமாக ஓடியது. "மீன் பார்க்க அனுப்புவது என்றால்?"

"கவுன்சில் ஆட்கள் வந்தால், பேப்பர் சரியில்லாத வேலையாட்களைக் குளிர் அறைக்குள் விட்டுப் பூட்டுவது. இன்று காலை கவுன்சில் ஆள் வந்தார். முருகேசனை இவர் பூட்டினார். இங்கே வேறு யாரும் இருக்கவில்லை."

"கடையில்?"

"கடையில் நான் பூட்டினேன். மூன்று தரம்."

யோகராஜா எழும்பி லோயர் வேண்டும் என்று சத்தம் போடத் தொடங்கினார். டோசன் ரேடியோவில் இன்னொரு பொலிஸ்காரனை மேலே வரச் சொன்னாள். பிறகு ஸ்டேசனுக்கு அடித்து, சுஜீத்தின் விசாரணையை நிறுத்தி வைக்கச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் இருந்து ஏதும் சேதி உண்டா என்றும் கேட்டாள். முருகேசன் கண்ணைத் திறந்து தண்ணி கேட்டிருக்கிறான்.

"மிஸிஸ் சுஜீத்," என்றாள் பிறகு. குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. "நீங்கள் சொன்னதற்கு உங்களையும் விசாரிக்க வேண்டியிருக்கும். விளங்குகிறதா?"

"ஓம்," என்றாள் பிறேமினி தமிழில்; பிறகு திருத்தி, "யெஸ்" என்றாள். "எந்த ஸ்டேசன்?"

"உங்கள் கணவர் இருக்கிற அதே ஸ்டேசன்."

பிறேமினி எழும்பினாள். யோகராஜாவின் கதிரைக்கும் கதவுக்கும் நடுவே, வயிற்றை எக்காமல், கதிரையைத் தள்ளிவிட்டே நடந்தாள்.